வெளியே பாய்வது

இரும்புக் கதவுக்குப் பின்னால் சுத்தியல் ஒருமுறை விழுந்தது. அடுத்து வந்தது மனிதக் குரல்தான் என்று புரிந்துகொள்ள, ரேடியோ என்று எல்லோரும் கூப்பிடும் அந்த இளைஞனுக்கு ஒரு மூச்சு நேரம் பிடித்தது.

“ஒண்ணு,” என்றது உள்ளே இன்னொரு குரல், நிதானமாக. “இன்னும் ஒன்பது இருக்கு. பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு. எங்க அண்ணனைக் குத்தினது நான்தான்னு சொல்லு. இல்லன்னா எண்ணிக்கிட்டே இருப்பேன்.”

ரேடியோ தோளால் கதவை மோதினான். கதவு அசையவில்லை. தோள்தான் அசைந்தது.

“அண்ணி, இது கதவு இல்ல. போன ஜென்மத்துல இது மலையா இருந்திருக்கு.”

“வாயை மூடிட்டு இவருக்குத் துணி கட்டு, தம்பி.”

இவர் என்றது வாசலில் காவலுக்குப் போட்டிருந்த கான்ஸ்டபிளை. அவர் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். நெற்றி இரண்டு விரல் நீளத்துக்குப் பிளந்து, ரத்தம் காலருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சுத்தியலோடு வந்தவனைத் தடுக்கப் பார்த்ததற்குக் கிடைத்த பரிசு.

அது ஓர் அகராதி அலுவலகம். மூன்றாவது மாடி, நீளமான ஒரே கூடம், நான்கு மேசைகள், சுவர் முழுக்கக் கார்டு இழுப்பறைகள். ஒரு கார்டுக்கு ஓர் ஆங்கிலச் சொல். நேற்று முற்பகல் பதினொன்றரைக்கு அகராதியின் ஆசிரியர் தன் நாற்காலியில் இறந்து கிடந்தார். காகிதம் குத்தி வைக்கும் இரும்புக் கம்பி, கழுத்தில் இடப்பக்கம் ஏறி வலப்பக்கம் நுனி காட்டிக்கொண்டிருந்தது.

கம்பி வேர்க்காரருடையது. சொற்கள் எந்த மொழியிலிருந்து, எப்படி வந்தன என்று எழுதுகிறவர் அவர். அதனால் அலுவலகமே வைத்த பெயர் அது. பிணத்தை முதலில் பார்த்தவரும் அவர்தான். அதற்கு அரைமணி நேரம் முன்பு அந்தக் கம்பியை ஆசிரியர் மேசையில் விட்டெறிந்து, “உங்களை யாராவது குத்தினாக்கூட நான் தடுக்க மாட்டேன்” என்று கத்தியவரும் அவர்தான். இன்று காலை பத்து மணிக்கு எல்லோரும் அலுவலகத்துக்கு வர வேண்டும், வாக்குமூலம் எடுக்கணும் என்று இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார். எல்லோரும் வந்தார்கள், இன்ஸ்பெக்டரைத் தவிர. அவருக்குப் பதில் ஆசிரியரின் தம்பி வந்தான். லேத் பட்டறை வைத்திருப்பவன். வேர்க்காரரைச் சட்டையோடு இழுத்துப் பழைய கார்டுகள் வைக்கும் அறைக்குள் போட்டு, உள்ளே தாழிட்டுக்கொண்டான்.

வேர்க்காரரின் மனைவி விடிந்ததுமே அண்ணியைத் தேடி வந்திருந்தாள். மூவரும் ஆட்டோவைவிட்டு இறங்கிப் படியேறிக் கூடத்துக்குள் கால் வைக்கும்போதே முதல் அலறல்.

ரேடியோவின் அண்ணன் இறந்தபோது விட்டுப்போனது இரண்டு. துப்பறியும் நிலையத்தின் பெயர்ப்பலகை ஒன்று, அதைத் துடைக்கும் தம்பி ஒன்று. அண்ணி இரண்டையும் தூக்கிப் போடவில்லை. பள்ளிக்கூட வேதியியல் கூடத்தில் பன்னிரண்டு வருஷம் குடுவை கழுவியவள் அவள். ஒன்றும் பேசாமல் ஒன்றையே உற்றுப் பார்ப்பது அங்கே வந்த பழக்கம். ரேடியோவுக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

“இன்ஸ்பெக்டர் என்ன சொல்றார்?” என்றாள் அண்ணி.

“அரைமணி நேரமாம். கதவை அறுக்கிற ஆளையும் கூட்டிட்டு வர்றாராம்.” ரேடியோ போனைப் பைக்குள் போட்டான். “அரைமணின்னா மூணு விரல், அண்ணி.”

வேர்க்காரரின் மனைவி சுவரில் சாய்ந்தாள். “அது எழுதற கை அக்கா. அவருக்கு வேற எதுவும் பண்ணத் தெரியாது. ஒரு ஆணிகூட அடிக்கத் தெரியாது அவருக்கு. அவரா குத்துவாரு?”

“லேத்காரரே,” என்று அண்ணி கதவுக்கு அருகே போய்ச் சொன்னாள். “உங்க அண்ணனைக் குத்தினது யாருன்னு நான் கண்டுபிடிச்சுச் சொல்றேன். அதுவரைக்கும் கையை நிறுத்துங்க.”

“கண்டுபிடி. நான் வேண்டாம்னா சொன்னேன்? என் கடிகாரம் அதுபாட்டுக்கு ஓடும்.”

அண்ணி திரும்பினாள். “பிணத்துக்கிட்ட ஒரு கார்டு கிடந்துச்சாமே, எங்க?”

வாக்குமூலத்தின்போது காட்டவென்று இன்ஸ்பெக்டர் கொடுத்திருந்த பிளாஸ்டிக் உறையைக் கான்ஸ்டபிள் சட்டைப் பைக்குள்ளிருந்து எடுத்தார். ஆசிரியரின் முகத்துக்கு முன்னால், அவர் கட்டைவிரலின் கீழே கிடந்த கார்டு. உள்ளங்கை அளவு. நேற்று அது முழுக்கச் சிவப்பாக இருந்ததாம். இன்று காய்ந்து பழுப்பேறி, ஓரம் சுருண்டிருந்தது. பெரிய கறை மேலே. கீழ்ப்பாதி முழுக்கத் தெறித்த துளிகள்.

துளிகளுக்கு நடுவே எழுத்து தெரிந்தது. ‘எஃப்ளுவென்ட்’ என்ற ஆங்கிலச் சொல் டைப் அடித்திருந்தது. அதன் கீழே இரண்டு பொருள். ஒன்று: ஏரி முதலியவற்றிலிருந்து வெளியே பாயும் நீர். இரண்டு: ஆலைக் கழிவுநீர். இரண்டாவதைக் கறுப்பு மையால் குறுக்கே அடித்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் அடியில், பச்சை மையில் இரண்டு வரி.

“பச்சை யாரு?”

“என் வீட்டுக்காரர்,” என்றாள் வேர்க்காரரின் மனைவி.

பதில் தொடர்ந்தது டைப்பிஸ்டிடமிருந்து. தலைக்கு மேலே மிச்சமிருந்த நான்கு முடியையும் படிய வாரிய மனிதர், மேசைக்குப் பின்னால் பாதி ஒளிந்து நின்றிருந்தார். “இங்க ஒரு கைக்கு ஒரு நிறம், மேடம். ஆசிரியர் கறுப்பு. வேர்க்காரர் பச்சை. திருத்தம்மா சிவப்பு. அடுத்தவங்க நிறத்தை யாரும் தொடக் கூடாது. இருபது வருஷமா அதான் சட்டம்.”

“உங்க நிறம்?” என்றான் ரேடியோ.

“எனக்கு மெஷின்தாங்க.”

“அப்ப அந்த அடி ஆசிரியரே போட்டது,” என்றாள் அண்ணி.

“ஆமா மேடம். நேத்து காலையில போட்டார். அதுக்குத்தான் சண்டையே.”

திருத்தம்மா சன்னலோர மேசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அச்சுக்குப் போகும் ஒவ்வொரு எழுத்தையும் படித்துப் பிழை திருத்துகிறவள். ஐம்பது வயது இருக்கலாம். மெலிந்த மணிக்கட்டில் ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரம் தொளதொளவென்று தொங்கியது. கழுத்தில் ஒரு நூல், அதன் நுனியில் ஒரு சிவப்புப் பென்சில்.

“பென்சிலைக் கட்டிப் போட்டிருக்கீங்களே, கடிக்குமா?” என்றான் ரேடியோ.

“இரவல் வாங்கினா யாரும் திருப்பித் தர்றதில்ல.”

“இந்த வார்த்தைக்கு என்னதாங்க அர்த்தம்?” என்றாள் அண்ணி. “ஒரு வார்த்தைக்காக ஒருத்தர் செத்திருக்கார்.”

திருத்தம்மா கார்டைப் பார்க்காமலே சொன்னாள். “பிறந்தது லத்தீன்ல. எக்ஸ்னா வெளியே. ஃப்ளுவெரேன்னா பாயறது. ரெண்டும் ஒட்டினா வெளியே பாயறது. ஆதியில அவ்வளவுதான். ஏரி நிரம்பி ஒரு ஓடை கிளம்பிப் போகுமில்ல, அதுக்குக்கூட இந்தப் பேரு உண்டு. நல்ல தண்ணிதான். ஆலைங்க வந்தப்புறம், ஆலை வெளியே விடற அழுக்குத் தண்ணிக்கு இந்தப் பேரு ஒட்டிக்கிச்சு. இப்ப இந்த வார்த்தையைக் கேட்டா யாருக்கும் ஏரி ஞாபகம் வராது.”

“நல்ல குடும்பத்துல பிறந்து கெட்டுப்போச்சுன்னு சொல்லுங்க.”

“குடும்பம் பெரிசு. ‘அஃப்ளுவென்ட்’னு ஒண்ணு இருக்கு. நம்மை நோக்கிப் பாயறது. அதுக்கு இப்ப பணக்காரன்னு அர்த்தம். ‘இன்ஃப்ளுவென்ஸ்’னா உள்ளே பாயறது, செல்வாக்கு. ஃப்ளூ காய்ச்சல்கூட அந்த வழியில வந்ததுதான். நட்சத்திரத்துலேர்ந்து ஏதோ மனுஷன் மேல பாய்ஞ்சு காய்ச்சல் வருதுன்னு நம்பினாங்க.”

“அண்ணன் பணக்காரன், தம்பி சாக்கடை, தங்கச்சிக்குக் காய்ச்சல்,” என்றான் ரேடியோ. “எங்க குடும்பம் தேவலாம்.”

கதவுக்குப் பின்னால் சுத்தியல் விழுந்தது.

இந்த முறை வேர்க்காரர் முன்கூட்டியே கத்த ஆரம்பித்திருந்தார். சுத்தியல் விழுந்ததும் குரல் பாதியில் அறுந்து, வாந்தி எடுக்கும் சத்தமாக மாறியது. அவர் மனைவி இரண்டு கையாலும் கதவை அறைந்தாள். திருத்தம்மாவின் கை மேசை விளிம்பைப் பிடித்தது. கடிகாரம் மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

“ரெண்டு,” என்றது குரல்.

அண்ணி கதவைப் பார்க்கவே இல்லை. அந்த நேரத்தில் அண்ணியைக் கொஞ்சம் வெறுக்கலாம் என்று ரேடியோவுக்குத் தோன்றியது. அவள் டைப்பிஸ்டிடம் கேட்டாள்: “ரெண்டாவது அர்த்தத்தை எதுக்கு அடிச்சார்?”

டைப்பிஸ்ட் மேசை ஓரத்துக்கு வந்தார். “சாயத் தொழிற்சாலை கேஸ், மேடம். எட்டு மாசத்துக்கு முன்னாடி கழிவுத் தொட்டியில அடைப்பு எடுக்க இறங்கின மூணு பேர் விஷவாயுல செத்துட்டாங்க. ‘எஃப்ளுவென்ட்’ல வேலை செய்யறவங்களுக்கு முகமூடி, கயிறு எல்லாம் கொடுக்கணும்னு லைசென்ஸ்ல இங்கிலீஷ்ல எழுதியிருக்கு. தொட்டியில கிடந்ததுக்கு அந்தப் பேரே கிடையாது, வெளியே பாயற தண்ணிக்கு மட்டும்தான் அந்தப் பேருன்னு ஆலை வாதாடுது. நீங்களே பொருள் சொல்லுங்கன்னு கோர்ட் எங்களைக் கேட்டிருக்கு. நாளைக்கு அனுப்பணும்.”

“ஆசிரியர் ஆலைப் பக்கம்.”

“ஆலை முதலாளி அவரோட சம்பந்தி, மேடம். பொண்ணைக் கொடுத்த இடம்.” டைப்பிஸ்ட் குரலைத் தாழ்த்தினார். “வேர் எதுவோ அதுதான் பொருள், மத்ததெல்லாம் பின்னால ஒட்டின அழுக்குன்னு சொல்லிட்டு அடிச்சார். வேர்க்காரருக்கு வந்ததே கோபம். வேரைத் தோண்டறது நான், அது மரம் இல்லன்னு எனக்குத் தெரியும், நீங்க எப்படிச் சொல்லலாம்னு குதிச்சார். கம்பியைத் தூக்கி எறிஞ்சுட்டுக் கீழே போயிட்டார். ஆசிரியர் கார்டை என்கிட்ட காட்டி, இப்படியே டைப் பண்ணுன்னார். டீ குடிச்சுட்டு வந்து பண்றேன்னு இறங்கினேன். திரும்பி ஏறும்போது வேர்க்காரர் மேலேர்ந்து அலறிக்கிட்டு வர்றார்.”

“கார்டை நீங்க பார்த்தப்ப அந்த அடி மட்டும்தான் இருந்துச்சா? வேற எதுவும் இல்லையே?”

“வேற என்ன மேடம் இருக்கும்?”

“திருத்தம்மா அப்ப எங்க இருந்தாங்க?”

“முகம் கழுவப் போயிருந்தேன்,” என்றாள் திருத்தம்மா.

அண்ணி உறையைச் சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். வெயிலுக்கு நேராக ஒருமுறை, சாய்த்து ஒருமுறை. ரேடியோ பொறுத்துப் பார்த்தான். பொறுமை அவனுக்குப் பழக்கமில்லாத தொழில். கை ஓடவில்லை என்றால் வாய் ஓடும், இரண்டையும் ஓடவிட்டு ஓர் இழுப்பறையை இழுத்தான்.

“என்னங்க இது, கார்டுல எறும்பு போன வழி மாதிரி?”

பச்சை மையில் ஒரு சொல்லை அடித்து, அதன் கீழே மூன்று புள்ளி வைத்திருந்தது.

“அடிச்சது தப்பு, அந்த வார்த்தை இருக்கட்டும்னு அர்த்தம் சார்,” என்றார் டைப்பிஸ்ட். “கீழே மூணு புள்ளி வச்சாப் போதும். அச்சுக்காரனுக்குப் புரிஞ்சிடும்.”

“இதுல வரிசையா நிக்குதே. ரேஷன் கடை மாதிரி.”

“அது திருத்தம்மா. எழுத்துக்கு ஒரு புள்ளி வைப்பாங்க. எதுலயும் குறை வைக்கத் தெரியாது அவங்களுக்கு.”

அண்ணி மெல்லத் திரும்பி ரேடியோவின் கையிலிருந்த இரண்டு கார்டையும் பார்த்தாள். இழுப்பறை வரை நடந்து வந்தாள். உள்ளே கையை விட்டு எதையோ தேடுவதுபோல் நின்றாள். பிறகு அவன் காதருகே கேட்டாள். “லைட்டர் வச்சிருக்கியா?”

“சிகரெட்டை விட்டுட்டேன் அண்ணி. சத்தியமா.”

“லைட்டரைக் கேட்டேன்.”

அவன் வெட்கப்பட்டு எடுத்துக் கொடுத்தான். அவள் வாங்கவில்லை. அதற்குப் பதில் ஒரு கார்டை, பின்பக்கம் மேலே இருக்க, அவன் விரல்களுக்கு நடுவே செருகினாள். “நான் சொன்னதும் பத்த வை. எது நடந்தாலும் கையை இழுக்காதே.”

கூடத்தின் நடுவே போய் நின்று, இதுவரை பேசாத உரத்த குரலில் பேசினாள்.

“லேத்காரரே, கேட்குதா? உங்க அண்ணன் கைக்குக் கீழே இருந்த கார்டு இப்ப என்கிட்ட இருக்கு. இவர் மேல போட்ட கேஸ் மொத்தமும் இந்த ஒரு கார்டுலதான் நிக்குது. சண்டைக்கும் இதான் சாட்சி, பச்சை மைக்கும் இதான் சாட்சி. மூணாவது விரல்ல கை வச்சீங்கன்னா இதைக் கொளுத்திடுவேன். அப்புறம் யார் குத்தினாங்கன்னு ஆயுசுக்கும் தெரியாது.”

உள்ளே சுத்தியலைத் தரையில் ஊன்றும் சத்தம் கேட்டது.

“மேடம், அது எவிடென்ஸ்,” என்று கான்ஸ்டபிள் எழுந்திருக்கப் பார்த்தார். தலை சுற்றி மறுபடி உட்கார்ந்தார்.

“கொளுத்துங்கக்கா,” என்றாள் வேர்க்காரரின் மனைவி. “சாம்பலாப் போகட்டும் அது.”

டைப்பிஸ்ட் தீப்பிடித்தால் ஓட வசதியாக வாசல் பக்கம் நகர்ந்தார்.

“தம்பி,” என்றாள் அண்ணி.

ரேடியோ லைட்டரைத் தட்டினான். சுடர் கார்டின் மூலையை நக்கியது. மூலை கறுத்தது, சுருண்டது, ஒரு விரல் அகலத்துக்கு எரிந்தது.

சன்னல் பக்கம் நாற்காலி விழுந்த சத்தம் கேட்டது. அதைத் திரும்பிப் பார்க்கக்கூட அவனுக்கு நேரமில்லை. ஏதோ குளிர்ச்சியாக அவன் உள்ளங்கைக்குள் நுழைந்தது. குனிந்து பார்த்தான். கையின் பின்பக்கம், நடுவிரல் எலும்புக்குப் பக்கத்தில், ஒரு சாண் கம்பி வெளியே வந்திருந்தது. தன் மேசையிலிருந்த காகிதக் கம்பியின் அடிப்பலகையைத் திருத்தம்மா இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். அவள் பல் கடிக்கும் சத்தம் கேட்டது. அதன் பிறகுதான் வலி வந்தது.

அவள் கம்பியை விட்டுவிட்டு எரியும் கார்டைப் பிடுங்கினாள். வெறும் கையால் தீயை நசுக்கி அணைத்தாள். அணைந்ததும் திருப்பிப் பார்த்தாள்.

அதில் ரத்தமே இல்லை.

“அது ‘டாங்கி’ங்கற வார்த்தையோட கார்டு,” என்றாள் அண்ணி. அவள் கையில் பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. “அர்த்தம் கழுதை. யார் கையில கொடுக்கறோம்னு பார்த்துத்தான் எடுத்தேன்.”

“இழுக்காதேன்னு சொன்னப்பவே நினைச்சேன்,” என்றான் ரேடியோ. ரத்தம் முழங்கைவரை ஓடிச் சொட்டியது. “வெளியே பாயறதுன்னா இதான் போல.”

அண்ணி கம்பியை உருவிப் போட்டுவிட்டு, அவன் மணிக்கட்டைத் தன் முந்தானையால் இறுக்கிக் கட்டினாள். கட்டிக்கொண்டே, கதவுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“தப்பு பண்ணினவங்க சாட்சி எரிஞ்சா நிம்மதியா மூச்சு விடுவாங்க. இந்த ரூம்ல ஒருத்தர் மட்டும்தான் இந்தக் கார்டைக் காப்பாத்த ஆள் மேலயே கம்பியைப் பாய்ச்சினார். ஏன் தெரியுமா? கார்டுல இருக்கறது சாட்சின்னு அவங்க நினைக்கல. திருத்தம்னு நினைச்சாங்க.”

உறையை டைப்பிஸ்டிடம் நீட்டினாள். “அடிச்ச வார்த்தைக்குக் கீழே பாருங்க. நேத்து எல்லாமே சிவப்பு, ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. ராத்திரியோட ரத்தம் பழுப்பாயிடுச்சு. பென்சில் பழுப்பாகாது. ரத்தத் துளி இப்படிக் கோடு பிடிச்ச மாதிரி வரிசையா விழவும் விழாது. எண்ணுங்க.”

டைப்பிஸ்ட் மூக்குக் கண்ணாடியை ஏற்றினார். “எட்டு. ஆலைக் கழிவுநீர். எட்டு எழுத்து.” அவர் மெல்லத் திருத்தம்மா பக்கம் திரும்பினார்.

“அஞ்சாவது புள்ளி ஒரு பழுப்புத் துளி மேல ஏறி உட்கார்ந்திருக்கு. ரத்தம் தெறிச்ச அப்புறம் வச்சது. ஆசிரியர் சாகும்போது அந்த வரி அடிபட்டுக் கிடந்துச்சு. அதை அப்படியே விட்டுட்டுப் போக இவங்களால முடியல. குனிஞ்சு, எழுத்துக்கு ஒண்ணா, எட்டுப் புள்ளி வச்சுட்டுத்தான் போயிருக்காங்க.”

திருத்தம்மா கருகிய கார்டை மேசையில் வைத்து, அதன் ஓரத்தை மேசை விளிம்போடு சரியாகச் சேர்த்தாள்.

“கடிகாரம் யாரோடது?” என்றாள் அண்ணி.

“தம்பியோடது. முதல்ல இறங்கினது அவன். இறங்கறதுக்கு முன்னாடி நனைஞ்சிடக் கூடாதுன்னு கழற்றி மேல வச்சிருக்கான்.” அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை, எழுதியதைப் படிப்பதுபோல் இருந்தது. “சார்கிட்ட கெஞ்சினேன். அந்த வரியை எடுத்துட்டா என் தம்பி எதுல செத்தான்னு கேட்டேன். தண்ணியிலன்னு எழுதிக்கோன்னார். கம்பி அங்கேயே இருந்துச்சு.”

தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

இரும்புக் கதவு சுவரில் மோதித் திறந்தது. லேத்காரன் அறையைவிடப் பெரிதாகத் தெரிந்தான். சுத்தியல் தலைக்கு மேலே ஏறியிருந்தது. அவன் யாரையும் பார்க்கவில்லை, நேராகத் திருத்தம்மாவிடம் போனான். அவள் நகரவில்லை. கழுத்தைக்கூடத் தாழ்த்தவில்லை.

அண்ணி இழுப்பறையை உருவி இடையில் நீட்டினாள். சுத்தியல் அதன் அடிப்பலகையைப் பிளந்து அவள் தோளில் இறங்கியது. ஆயிரம் கார்டு கூடமெங்கும் பறந்தது. அவள் விழுந்தாள். விழுந்தும் இழுப்பறையின் பிடியை விடவில்லை, சுத்தியல் அதற்குள் மாட்டிக்கொண்டது. ரேடியோ ஒற்றைக் கையோடு அவன் முதுகில் தொங்கினான். அவன் ஒரு உதறு உதறியதில் மேசைமேல் போய் விழுந்து ஒரு பல்லைத் துப்பினான். சுத்தியல் விடுபட்டு மறுபடி ஏறியது.

அப்போது யாரோ தரையோடு தரையாகத் தவழ்ந்து வந்து லேத்காரனின் காலை முழங்கையால் வளைத்துக் கட்டிக்கொண்டார். வேர்க்காரர். வலது கை வீங்கிப் பழம்போல் பழுத்திருந்தது, சட்டையெல்லாம் வாந்தி. லேத்காரன் தடுமாறி முழங்காலில் விழுந்தான். அந்த உயரம் கான்ஸ்டபிளுக்கு வசதியாக இருந்தது. தன் நெற்றிக்கு உண்டான பதிலை லத்தியால், மூன்று தவணையில், சொல்லி முடித்தார். மூன்றாவதில் லேத்காரன் கவிழ்ந்தான்.

கான்ஸ்டபிள் அவன் கைகளைப் பின்னால் மடக்கி விலங்கு மாட்டினார்.

“எனக்குத் தெரியும் திருத்தம்மா,” என்றார் வேர்க்காரர் தரையிலிருந்தே. “நேத்து முதல்ல உள்ளே வந்தது நான்தானே. ரத்தம் ஈரமா இருந்துச்சு. அப்பவும் உங்க புள்ளி என் கண்ணுக்குத் தப்பல. எட்டு.”

அவர் மனைவி அவரை வெறித்துப் பார்த்தாள். “தெரிஞ்சேவா விரலைக் கொடுத்தீங்க?”

“நாளைக்கு அந்தப் பொருள் கோர்ட்டுக்குப் போய்ச் சேரட்டும்னு பார்த்தேன்.”

அவள் அவர் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். அப்புறம் அதே கன்னத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

திருத்தம்மா வேர்க்காரரின் கையைப் பார்த்தாள். இரண்டு விரலும் போகக் கூடாத பக்கம் போயிருந்தன. “நானும் அப்படித்தான் நினைச்சேன், நாளை வரைக்கும்னு,” என்றாள். “முதல் தடவை நீங்க கத்தினப்பவே எழுந்திருச்சிருக்கணும். எழுந்திருக்கல.” முதன்முறையாக அவள் குரல் உடைந்தது.

இன்ஸ்பெக்டர் கதவை அறுக்கிற ஆளோடு வந்து சேர்ந்தபோது அறுக்க எதுவும் மிச்சமில்லை. நடந்ததைக் கேட்டார். உறையை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, அவரும் எட்டு வரை எண்ணினார்.

“இந்தக் கார்டை இனிமே யாராவது மாத்த முடியுமா?” என்று திருத்தம்மா கேட்டாள்.

“யாரும் தொடக்கூட முடியாது,” என்றாள் அண்ணி, தோளைப் பிடித்தபடி. “இது கொலை கேஸ் சாட்சி. கோர்ட்ல சத்தமா வாசிப்பாங்க. அடிச்ச வரியையும் சேர்த்துத்தான் வாசிப்பாங்க.”

திருத்தம்மா தலையசைத்தாள். கடிகாரத்தைக் கழற்றி டைப்பிஸ்டின் மேசையில் வைத்தாள்.

இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. வாக்குமூலத்தை அவரே எழுதினார், முடிந்தவரை இரக்கத்தோடு எழுதினார். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டினார்.

அவள் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். பாதியில் நின்றாள். கழுத்து நூலிலிருந்து பென்சிலை எடுத்தாள். ரேடியோ அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். ‘ஆத்திரத்தில் என்ன செய்கிறேன் என்று தெரியாமல் குத்தினேன்’ என்று இருந்தது.

அவள் ‘என்ன செய்கிறேன் என்று தெரியாமல்’ என்பதைச் சிவப்பில் அடித்தாள்.

“அம்மா, அது இருக்கட்டும்,” என்றார் இன்ஸ்பெக்டர் தணிந்த குரலில். “அது இருந்தா உங்களுக்கு நல்லது.”

பென்சில் அடித்த சொற்களின் கீழே போய் நின்றது. ரேடியோ தன் கை வலியை மறந்து காத்திருந்தான்.

புள்ளி விழவில்லை. அவள் பென்சிலைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, கையெழுத்துப் போட இன்ஸ்பெக்டரிடம் பேனா கேட்டாள்.